ஐந்து ஏக்கரும் ஓர் ஏரியும்

பழைய சித்தூர் மாவட்டத்தில் நகரி, சத்தியவேடு பக்கம் சென்னையிலிருந்தும், பலமனேர், குப்பம் பக்கம் பெங்களூரிலிருந்தும் நிலம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். வேலையை விட்டவர்கள், அல்லது விடப்போகிறவர்கள். ஐந்து ஏக்கர் வாங்கி, ஓட்டு வீடு கட்டி, ஒரு நாட்டு மாடு வைத்து, தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டு வாழவேண்டும் என்ற ஆசை அவர்களை இங்கே கொண்டுவருகிறது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஒருவர் தன் தட்டில் விழுவது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்குவது நல்ல தொடக்கம். ஆனால் அவர்கள் நிலம் பார்க்கும் முறை எனக்குக் கவலை தருகிறது. நான்கு எல்லைக்கல்லுக்குள் இருப்பதை மட்டும் பார்க்கிறார்கள். மண் என்ன நிறம், போர்வெல் இருக்கிறதா, எத்தனை அடி, மின்கம்பம் எவ்வளவு தூரம். இந்தச் சீமையில் ஒரு குடும்பத்தின் சோறு பாதிக்குமேல் அந்தக் கற்களுக்கு வெளியேதான் தீர்மானமாகிறது.

1911இல் வடாற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டுகள் எடுத்துச் சேர்த்த மாவட்டம் சித்தூர். 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போய் சத்தியவேடு தாலுகாவில் சேர்ந்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடுகள் இத்தனை முறை இடம்மாறியும் ஒன்று மாறவில்லை: ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே ஒன்றுகூடக் கிடையாது. பாலாறு, பொன்னையாறு, சுவர்ணமுகி, குசஸ்தலை, ஆரணியாறு எல்லாமே மழைக்குப் பிறகு சில வாரங்கள் ஓடிவிட்டு மணலாகக் கிடப்பவை. கிழக்கே திருப்பதியும் காளஹஸ்தியும் சத்தியவேடும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. மேற்கே மதனப்பள்ளி, புங்கனூர், குப்பம் மேட்டுநிலம். ஆடியிலிருந்து ஐப்பசிவரை விட்டுவிட்டுப் பெய்வதுதான் அங்கே மழை. ஒரே பழைய மாவட்டத்துக்குள் கிழக்கில் நெல்லும் மேற்கில் கேழ்வரகும் சோறாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது நாலாயிரம் லிட்டர் தண்ணீர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் ஓர் ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர், ஐந்து ஏக்கருக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கைக் கேட்டதும் நிலம் வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். அத்தனையும் முப்பது நாற்பது நாளில் பெய்துவிடுகிறது என்பதை அடுத்துச் சொல்லவேண்டும். மூடாக்கு இல்லாத சரளைச் செம்மண்ணில் பெருமழை பெய்தால் மேல்மண்ணையும் சேர்த்துக்கொண்டு ஓடிவிடும். அடியில் இருப்பதோ கருங்கல். தஞ்சாவூர் மண்ணைப்போல ஆழம்வரை நீரைத் தாங்கும் மணல் இங்கே இல்லை. பாறையின் மேலடுக்கு இற்றுப்போன பகுதியிலும் பாறைப் பிளவுகளிலும் தேங்குவதுதான் நிலத்தடி நீர். பிளவு கிடைக்காதவன் 800 அடி, 1,000 அடி போட்டும் தூசியைத்தான் பார்க்கிறான். 2002இல் ஆந்திரம் நீர், நிலம், மரங்களுக்கு ஒரு சட்டமே கொண்டுவந்து புதுப் போருக்கு அனுமதி வேண்டும் என்றது. சட்டம் இருக்கிறது; போர் வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

புத்தூர்ப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அவ்வாவிடம், இங்கே போரில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். பாதி தெலுங்கு கலந்த எங்கள் எல்லைத் தமிழில் அவர் சொன்னார்: "ஏரி நெறஞ்ச வருசம் போர்ல இருக்கும் நாயனா. ஏரி நெறயலன்னா நீ எத்தினி அடி போட்டு என்னா?" நிலநீரியல் இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்லும் முதல் பாடமும் அதுதான். பல்லவர் காலத்திலிருந்து தொண்டை மண்டலத்தார் செய்த வேலை, சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளைத் தொடுத்ததுதான். மேல் ஏரியின் கலிங்கு வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். ஏரிக்கு வரும் கால்வாய், மதகு, நீர் பாய்ச்ச ஓர் ஆள், அவருக்கு அறுவடையில் பங்கு என்று அதற்கு ஓர் ஏற்பாடும் இருந்தது. ஏரியின் தண்ணீர் நேராக வயலுக்குப் போனது ஒரு பங்குதான். மீதி மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கிணறுகளில் ஊறியது. உங்கள் ஐந்து ஏக்கரின் போர் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி.

திருப்பதியை அடுத்த இராயலசெருவு பெரிய ஏரி. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்கிறார்கள். 2021 நவம்பரில் பெய்த பேய்மழையில் அது நிரம்பித் ததும்பியது. கரையில் கசிவு கண்டதும் கீழேயிருந்த பல ஊர்களை இரவோடு இரவாகக் காலி செய்தார்கள். கரை உடையாமல் காத்தது மணல் மூட்டைகளும் மனிதர்களின் தொடர்ந்த உழைப்பும். திருப்பதி நகருக்குள் அதே நாட்களில் தெருக்களில் வெள்ளம் ஓடியதை நாடே பார்த்தது. நிரம்பும் ஏரியின் வழியை அடைத்துக் கட்டியிருந்தால், அந்தத் தண்ணீர் யாரோ ஒருவர் வீட்டுக்குள் புகுந்துதான் ஆகும். வறட்சி ஆண்டில் ஊருக்குத் தண்ணீர் தரும் அதே ஏரி, பெருமழை ஆண்டில் ஊரின் உயிரையும் கேட்கும். அந்தக் கரையைக் காப்பது தனி ஒருவரால் முடிகிற காரியமில்லை.

ஐந்து பேர் இருக்கும் குடும்பத்துக்கு உணவுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் என்றால் ஆண்டுக்கு 730 கிலோ. மழை கைவிடாத ஆண்டில் மானாவாரியில் ஏக்கருக்கு 500 கிலோ கேழ்வரகு எடுப்பவர் நல்ல விவசாயி. ஆக, ஒன்றரை ஏக்கர். பருப்பு ஆளுக்கு 50 கிராம் வீதம் சுமார் 90 கிலோ. துவரையும் மொச்சையும் காராமணியும் தனி நிலம் கேட்பதில்லை. கடலைக்கும் கேழ்வரகுக்கும் நடுவில் சாலாக நிற்கும். எண்ணெய் மாதம் ஐந்து லிட்டர் என்றால், செக்கில் ஆட்ட 140 கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும்; தோலோடு 200 கிலோ காய். அதற்கு அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். வரப்பில் ஆமணக்கு, வேலியோரம் முருங்கையும் புளியும். மீதி நிலம் மாட்டுக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும். காகிதத்தில் ஐந்து ஏக்கர் போதும், கொஞ்சம் மிச்சமும் ஆகிறது.

நிலத்தில் அப்படி நடப்பதில்லை. ஆடியில் விதைத்த கடலை, பூ இறங்கி மண்ணுக்குள் காய் பிடிக்கும் சமயத்தில் மூன்று வாரம் மழை இல்லாவிட்டால் பாதி பொக்கு. கேழ்வரகுக்குக் களை எடுக்க வேண்டிய வாரத்தில் எல்லார் நிலத்துக்கும் களை எடுக்கவேண்டும். கணவன் மனைவி இருவர் கையால் ஒன்றரை ஏக்கர் ஆகாது. அதற்குத்தான், இன்று உன் நிலத்துக்கு நான், நாளை என் நிலத்துக்கு நீ என்று மாற்றாள் போகும் வழக்கம் இருந்தது. கேழ்வரகு குதிரில் ஆண்டுக்கணக்கில் பூச்சி விழாமல் கிடக்கும் என்பதால் நல்ல ஆண்டின் விளைச்சல் கெட்ட ஆண்டுக்கு நின்றது. தன் குதிர் காலியானால் பக்கத்து வீட்டுக் குதிர் இருந்தது. உப்பு, இரும்பு, துணி, மருந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எதுவும் எந்த நிலத்திலும் விளையாது.

மாற்றாளும் குதிருமாக இருந்த இந்த ஏற்பாடு குலைந்தது, நிலத்தில் விளைவது தின்பதற்கு இல்லாமல் விற்பதற்கு மட்டும் ஆனபோது. சித்தூர்த் தோட்டங்களில் பாதிக்குமேல் நிற்பது தோத்தாபுரி. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்வோம். அது பெரும்பாலும் சாறு ஆலைக்குப் போகும் காய். 2025 ஜூனில் விலை சரிந்து, ஆலை கிலோவுக்கு எட்டு ரூபாய், அரசு நான்கு ரூபாய், மொத்தம் பன்னிரண்டு என்று முடிவு செய்யவேண்டி வந்தது. கர்நாடகக் காய் உள்ளே வரக்கூடாது என்று எல்லையில் தடை போட்டார்கள். ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. பத்து ஏக்கர் மாந்தோப்பு வைத்திருப்பவர் அந்த மாதம் அரிசியையும் பருப்பையும் எண்ணெயையும் கடையில்தான் வாங்கினார். மதனப்பள்ளிச் சந்தையில் 2023 ஜூலை இறுதியில் தக்காளி கிலோ 200 ரூபாயை நெருங்கியது. வேறு ஆண்டுகளில் அதே தக்காளி பறிப்புக் கூலிக்குக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்பட்டிருக்கிறது. இவர்கள் எல்லாரும் சொந்த நிலம் உள்ளவர்கள். சொந்த நிலம் இருந்தும் சோறு வெளியிலிருந்து வருகிற வாழ்க்கையை இந்த மாவட்டம் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. நகரத்திலிருந்து வருகிறவர்கள் தேடுவதை இங்கிருப்பவர்கள் இழந்துவிட்டார்கள்.

அதைத் திரும்பப் பிடிக்கும் முயற்சி ஒன்று நடக்கிறது. நம்பிக்கையோடு அதைப் பார்க்கிறேன். ஆந்திர அரசு 2016இல் ரைது சாதிகார சம்ஸ்தா என்ற நிறுவனத்தின் வழியாக இயற்கை வேளாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில், செலவில்லா இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் முறையைப் பின்பற்றியது. பிறகு தன் வழியில் வளர்ந்து லட்சக்கணக்கான விவசாயிகளைத் தொட்டது. 2024இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசில் பங்கு பெற்றது. ஒரு நாட்டு மாடு முப்பது ஏக்கருக்குப் போதும் என்ற பாலேக்கரின் கூற்றை நான் அப்படியே ஏற்பவனில்லை. பத்துக் கிலோ சாணம், கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர் சேர்த்த ஜீவாமிர்தம் எல்லா மண்ணையும் தனியே மீட்டுவிடும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் இந்தத் திட்டத்தில் என்னை அசைத்த விஷயம் வேறு.

தை அறுவடைக்குப் பிறகு ஆனிவரை இங்கே நிலம் மொட்டையாகக் கிடப்பதுதான் வழக்கம். ஆறு மாத வெயில் மண்ணில் இருந்த உயிரையெல்லாம் வறுத்துவிடும். இந்தத் திட்டத்தார் மழைக்கு முன்பே விதைக்கச் சொல்கிறார்கள். நவதானியம் என்று பெயர் சொன்னாலும் பதினைந்து, இருபது வகை விதை: கேழ்வரகு, கம்பு, சோளம், உளுந்து, பயறு, கொள்ளு, எள், கீரை, கொத்தவரை. விதைக்குக் களிமண், சாம்பல், ஜீவாமிர்தத்தின் உலர்வடிவமான கன ஜீவாமிர்தம் பூசி உருண்டையாக்கிக் காயவைத்து, சித்திரை வைகாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துக் கடலைக்கொடி, வைக்கோல் எதையாவது மூடாக்காகப் போடுகிறார்கள். கோடையில் விழும் ஒன்றிரண்டு தூறல் அதற்குப் போதும். ஆடியில் உழவு தொடங்கும்போது நிலத்தில் பச்சை நிற்கிறது. மாட்டுக்குத் தீவனம், வீட்டுக்குக் கீரை, மண்ணுக்கு மூடாக்கு. மழை அந்த நிலத்தில் ஓடாமல் இறங்குகிறது. இப்படிப் பல நூறு ஏக்கரில் இறங்கினால்தான் ஊர்க் கிணறு ஊறும். ஒருவர் நிலத்தில் மட்டும் செய்தால் அவர் கண்ணுக்குப் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று 20 சென்ட் நிலம். மேட்டுப்பாத்தி போட்டு, ஓரத்தில் பப்பாளி, முருங்கை, வாழை, நடுவில் முள்ளங்கி, கத்திரி, வெண்டை, பந்தலில் பீர்க்கை, புடலை, இடையில் கீரை என்று அடுக்குகிறார்கள். பறித்த இடத்தில் உடனே அடுத்ததை ஊன்றுவதால் வாரந்தோறும் ஏதாவது வந்துகொண்டிருக்கும். இதை எடுத்து நடத்துகிறவர்கள் பெண்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகத்தான் இது ஊர் ஊராகப் போகிறது, கற்றுத்தருபவரும் அதே ஊரில் அதே முறையில் பயிர்செய்யும் ஒரு பெண்தான். முதல் கூடை தன் வீட்டுக்கு, அடுத்தது பக்கத்து வீட்டுக்கு, மிஞ்சியது சந்தைக்கு. சொந்த நிலம் இல்லாதவர்கள் குத்தகைக்கு எடுத்தும் செய்கிறார்கள். திருமலையில் 2021 முதல் இயற்கை முறையில் விளைந்த அரிசி பருப்பில் சுவாமிக்கு நைவேத்தியம் செய்யத் தொடங்கினார்கள். அன்றாடம் பல்லாயிரம் பேருக்குச் சோறு போடும் ஓர் ஊர் பக்கத்தில் இருப்பது இந்த விவசாயிகளுக்கு வாய்த்த பெரிய வாய்ப்பு.

மாடு பற்றியும் சொல்லவேண்டும். புங்கனூர்க் குட்டை மாடு மூன்றடியைத் தாண்டாதது, ஒரு நாளைக்கு ஐந்து கிலோ தீவனத்தில் பிழைப்பது, ஒன்றிரண்டு லிட்டர் கறந்தாலும் எட்டு சதவிகிதம்வரை கொழுப்புள்ள பால் கொடுப்பது. இந்த வறண்ட மேட்டில் சிறு குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாடு இல்லை. அழியும் நிலைக்கு வந்ததைப் பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் காத்தது. இன்று அது லட்சங்களில் விலைபேசும் அலங்காரப் பொருளாகி நகரத்து மாடிவீடுகளில் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிறது. அதன் இடம் புங்கனூர் விவசாயியின் கட்டுத்தரை. அங்கே அதை வாங்க முடியாத விலைக்கு ஏற்றிவிட்டது பெரிய அநியாயம்.

அதேபோல, வாங்கும் நிலம் யாருடையது என்பதையும் பார்க்கவேண்டும். இந்தப் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் மேட்டுநிலத்தில் நிறைய, அரசு நிலமில்லா ஏழைகளுக்கு, பெரும்பாலும் தலித் குடும்பங்களுக்கு, பட்டாவாகக் கொடுத்தது. டி.கே.டி. பட்டா என்று இங்கே சொல்கிறார்கள். 1977 சட்டப்படி அதை விற்கக்கூடாது, வாங்கவும் கூடாது. 2023இல் திருத்தம் வந்து, இருபது ஆண்டுகள் கடந்த பட்டாதாரருக்கு உரிமை விரிவானது. பத்திரப் பதிவு தடைசெய்யப்பட்ட நிலங்களின் 22ஏ பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுத்தவர்கள் அழுகிறார்கள். அவர்களுக்கு முன்னால், கல்யாணத்துக்கும் கடனுக்கும் அந்த நிலத்தை வந்த விலைக்கு எழுதிக்கொடுத்தவர்கள் அழுதிருக்கிறார்கள். 2024 ஜூலையில் மதனப்பள்ளி சார் ஆட்சியர் அலுவலகத்தில் தீப்பிடித்து நில ஆவணங்கள் எரிந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஒருவர் தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ள இன்னொருவரின் சோற்று நிலத்தை எடுத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையது அல்ல.

குப்பம், பலமனேர்ப் பக்கம் எல்லைக்கல்லை மதிக்காத யானையும் உண்டு. நெடுங்காலம் இல்லாதிருந்த யானைகள் 1980களில் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து இங்கே வந்து தங்கின. அவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. பணம் உள்ளவர் சூரிய மின்வேலி போடுகிறார். யானை அடுத்த நிலத்துக்குள் இறங்குகிறது. அங்கே வேலி இல்லை, கேழ்வரகு பால்பிடித்து நிற்கிறது. வேலியும் ஊர் சேர்ந்து போடவேண்டிய ஒன்று.

தனியாளின் தற்சார்புக்கு உலகம் காட்டும் உதாரணம் அமெரிக்க எழுத்தாளர் தோரோ. 1845இல் வால்டன் குளக்கரையில் குடிசை கட்டினார். நிலம் நண்பர் எமர்சனுடையது. இரண்டரை ஏக்கரில் அவர் அதிகம் போட்டது பீன்ஸ். அதைக் கொடுத்து அரிசி வாங்கிச் சாப்பிட்டார். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. எது தனக்கு வேண்டாம் என்று கண்டுபிடிப்பதே அவர் தேடல். சோற்றுக்கு வழி கேட்டால் நான் தஞ்சாவூரில் பிறந்து தி. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960இல் மறைந்த ஜே.சி. குமரப்பாவிடம்தான் போவேன். காந்தியரான அவர் சிறையிலிருந்து எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், மக்களின் சமச்சீர் உணவுக்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் என்று அட்டவணையே போட்டிருக்கிறார். அந்த அட்டவணை ஒரு குடும்பத்துக்கு இல்லை, ஒரு லட்சம் பேருக்கு. சேர்ந்து வாழும் ஊர்த்தொகுதியே அவர் எடுத்துக்கொண்ட அளவு. செக்கு வைப்பவர், கொல்லர், நெய்பவர், பள்ளி நடத்துபவர் எல்லாரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். ஐந்து ஏக்கருக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட முயன்று முதுகொடிந்து மூன்றாம் ஆண்டில் நகரத்துக்குத் திரும்பியவர்களை நினைக்கும்போதெல்லாம் குமரப்பாவின் கணக்குதான் சரியென்று படுகிறது.

பழைய சித்தூர் மாவட்டத்தில் இதற்குக் கண்முன் சான்று மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிப் பள்ளி. மதனப்பள்ளியில் பிறந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்திக்காக 1920களில் அங்கே நிலம் வாங்கினார்கள். அன்று அது மொட்டைக் குன்றுகள் சூழ்ந்த வறண்ட பள்ளத்தாக்கு. பள்ளி தன் வளாகத்தில் மட்டும் மரம் நட்டுக்கொண்டு நின்றுவிடவில்லை. சுற்றியிருக்கும் குன்றுச் சரிவுகளில் ஆடுமாடு ஏறாமல் காத்து மரம் வளர்த்தது, ஓடைகளில் தடுப்பணை கட்டியது, அக்கம்பக்கத்து ஊர்க் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தியது. தலைமுறைகள் கடந்து 1991இல் அந்தப் பள்ளத்தாக்கு பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. குன்றில் மரம் நின்றதால்தான் பள்ளத்தில் கிணறு ஊறியது.

நிலம் வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வாங்கும் முன் ஒரு நாள் முழுவதும் அந்த ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயைப் பிடித்து மேலே நடந்து பாருங்கள். அது உங்கள் நிலத்துக்குள் புகுந்து போகிறதென்றால் அடைக்காதீர்கள். வேலியை உள்ளே தள்ளிப் போடுங்கள். தூர் வார ஊர் கூடும்போது பணம் மட்டும் கொடுத்துவிடாமல் நீங்களும் மண்வெட்டியோடு போங்கள். முதல் ஆண்டு முழு நிலத்திலும் இறங்கவேண்டாம். 20 சென்ட் போதும். வரும் சித்திரையில் விதைப்பதற்கான விதையைக் கடையில் வாங்காமல் பக்கத்து நிலத்துப் பெண்களிடம் கேட்டு வாங்குங்கள். அறுத்ததும், வாங்கியதைவிட ஒரு படி கூடுதலாகத் திருப்பிக் கொடுங்கள்.